சாப்டியா கண்ணு? - கல்வராயன் மலையில் ஒரு கடுக்காய் விசாரணை!

ஒரு சின்ன டெஸ்ட். பேனா, பேப்பர் எதுவும் வேணாம். அப்படியே தலையைத் திருப்பி உங்க ரூம்மேட்டைப் பாருங்க. டே ஸ்காலரா இருந்தா பக்கத்து பெஞ்ச்.

ரெண்டு பேரும் ஒரே மெஸ்லதான் சாப்பிடுறீங்க. அதே ரப்பர் பூரி, அதே தண்ணி சாம்பார். ஆனா, அவன் ஒன்பது பூரியை உள்ளே தள்ளிட்டு ஃபர்ஸ்ட் ஹவர்ல நிம்மதியா தூங்குறான். உங்களுக்கு மூணாவது பூரியிலேயே நெஞ்சு எரியுது. ஏன்?

எங்க ரூமையே எடுத்துக்கோங்க. மொத்தம் மூணு பேர். ஒருத்தன் மதுரைக்காரன். ஆள் ஒல்லி, கை காலெல்லாம் வறண்டு வெள்ளைக் கோடு போட்டிருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூம் குழாய் சொட்டினாக்கூட முழிச்சுக்குவான். முழிச்சதும் நம்மளையும் எழுப்பி உலக அரசியல் பேசுவான். வயிறு மட்டும் வாரத்துல மூணு நாள் ஸ்ட்ரைக். அடுத்தவன் மலைக்காரன். கல்வராயன் மலையில வெள்ளிமலைப் பக்கத்து கிராமம். செமஸ்டர் அன்னிக்குக் காலையிலகூட அவனுக்கு டென்ஷன் கிடையாது. படுத்தா பாறை. மூணாவது நான், கள்ளக்குறிச்சி. பசி வந்தா எனக்குப் பத்தும் பறக்காது, பக்கத்துல இருக்கறவன்தான் பறப்பான். அவ்வளவு கோபம் வரும். மாசத்துக்கு ஒரு வாய்ப்புண். இருபது வயசுல ஏழு வெள்ளை முடி (எண்ணிட்டேன்).

வாதம், பித்தம், கபம். இந்த மூணு வார்த்தையை உங்க பாட்டி வாயில கேட்டிருப்பீங்க. ஆயுர்வேதம், சித்த மருத்துவம் ரெண்டுமே மனுஷ உடம்பை இந்த மூணுல வெச்சுத்தான் பார்க்குது. மதுரைக்காரன் மாதிரி காஞ்ச உடம்பு, ஓயாத மனசுன்னா வாதம். என்னை மாதிரி சூடு, பசி, கோபம்னா பித்தம். மலைக்காரன் மாதிரி நிதானம், கனத்த தூக்கம்னா கபம். இது சும்மா அவுட்லைன்தான் பாஸ். சுத்தமான ஒரே வகை ஆளுங்க ரொம்பக் குறைச்சல், பெரும்பாலானவங்க கலவைன்னு ரெண்டு மருத்துவமும் சொல்லுது. சித்தத்துல அந்தக் கலவைக்குப் பேரு 'தொந்தம்'. ஆயுர்வேதத்துல மொத்தம் ஏழு வகைப் பிரகிருதி. தனியா மூணு, ரெண்டு ரெண்டா சேர்ந்து மூணு, மூணும் சமமா ஒண்ணு. பெர்முடேஷன் காம்பினேஷன் மேட்டர்தான்!

அது ஆளுக்கு ஆள் வித்தியாசப்படுறதால வைத்தியமும் ஆளுக்கு ஆள் மாறணும். இதுதான் அந்த மருத்துவத்தோட அடிப்படையே. ஆனா, இன்னிக்கு அதோட பேர்ல நம்ம கைக்கு வர்றது எல்லாமே ஒரே பொட்டலம்தான். இது எனக்கு எப்படித் தெரியும்னு கேட்டா, அதுக்கு எங்க அப்பா கதையைச் சொல்லணும்.

பத்து செகண்ட் நாடி!

அப்பாவுக்கு ஆறு வருஷமா சுகர். கள்ளக்குறிச்சியில சின்னதா ஒரு மளிகைக் கடை. மாத்திரையைக் கடைக் கல்லாப்பெட்டியிலேயே வெச்சிருப்பார். போன வருஷம் ஒரு சந்தையில ஒருத்தர் கடை போட்டிருந்தார். பின்னாடி பெரிய ஃப்ளெக்ஸ், முன்னாடி பாட்டில் பாட்டிலா வேரு. அப்பா கையைப் பிடிச்சு பத்து செகண்ட் நாடி பார்த்துட்டு, 'உங்களுக்குப் பித்த உடம்பு'ன்னு சொல்லி ஒரு பொடி கொடுத்தார். கூடவே ஒரு கண்டிஷன்... இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்தணும். நிறுத்தினாத்தான் பொடி வேலை செய்யுமாம்!

அப்பாவுக்குப் பின்னாடி வரிசையில நின்னது எங்க தெரு வாத்தியார். அவருக்கு மூட்டு வலி. அவருக்கு 'வாத உடம்பு'ன்னு சொல்லியிருக்கார். ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரிச்சுப் பார்த்தா... ஒரே நிறம், ஒரே வாசனை, ஒரே லேபிள்!

அன்னிக்கே தூக்கி எறிஞ்சிருக்கலாம்ல? அப்பா எறியல. காசு கொடுத்து வாங்கினதாச்சே. நாப்பது நாள் கழிச்சு ஒரு சாயங்காலம் கடையிலேயே மயங்கி உட்கார்ந்துட்டார். ஆஸ்பத்திரியில பார்த்தப்போ சுகர் 400-ஐத் தாண்டியிருந்தது. அஞ்சு நாள் அட்மிட். இன்டர்னல் எக்ஸாம் பாதியில நான் பஸ் ஏறி ஓடினேன். அந்த பஸ்ல ஜன்னல் ஓரம் உட்கார்ந்துக்கிட்டு நான் என்ன வேண்டிக்கிட்டேன்னு இங்க எழுத மாட்டேன்.

அந்த அஞ்சு நாள்ல ஒண்ணு கவனிச்சேன். வார்டு டாக்டர் அப்பாகிட்ட கேட்ட கேள்விகளுக்கு அளவே இல்ல. வெயிட் என்ன, எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க, கால் மரத்துப் போகுதா, குடும்பத்துல வேற யாருக்கு இருக்கு... கிட்னி டெஸ்ட் வந்த பிறகுதான் மாத்திரை டோஸையே முடிவு பண்ணினாங்க. ஏன்னா சுகருக்குப் பரவலா கொடுக்கிற மெட்ஃபார்மினைக் கிட்னி எவ்வளவு வேலை செய்யுதுன்னு பார்த்துத்தான் கொடுக்கணும். 'உன் உடம்பைப் பார்த்துத் தர்றேன்'னு சொன்னவர் பார்க்கவே இல்ல. 'எல்லாருக்கும் ஒரே மாத்திரை'ன்னு நாம திட்டுறவங்க ஒரு நோட்டு நிறையக் கேள்வி கேட்டாங்க. எங்கேயோ இடிக்குதுல்ல?

அம்மாவுக்குத்தான் குழப்பம். 'அப்போ நம்ம வைத்தியமே பொய்யாடா?'ன்னு கேட்டாங்க. பதில் தெரியல. மலைக்காரன்கிட்ட புலம்பினேன். 'எங்க ஆயா மருந்து கொடுக்கும்டா. ஆனா லேசுல கொடுக்காது. வா, வந்து பாரு'ன்னான்.

மேல போற பஸ்!

கள்ளக்குறிச்சின்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருதுன்னு தெரியும். 2024 ஜூன். கருணாபுரம். மெத்தனால் கலந்த சாராயத்துல 60 பேருக்கு மேல செத்துப்போன சம்பவம். காலேஜ்ல எந்த ஊர்னு கேட்டு நான் பதில் சொன்னா, அடுத்த செகண்ட் ஒரு நமுட்டுச் சிரிப்பு வரும். அந்தக் கடுப்பை இன்னொரு நாள் எழுதுறேன். ஊருக்கு வேற முகமும் இருக்கு பாஸ். விழுப்புரத்துல இருந்து பிரிஞ்சு 2019 நவம்பர்ல தனி மாவட்டமானது. மேற்கே பார்த்தா நீலமா ஒரு சுவர் மாதிரி நிக்கிறது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையோட ஒரு துண்டு. இந்தப் பக்கம் கள்ளக்குறிச்சின்னா, அந்தப் பக்கம் சேலம் மாவட்டம்.

ஒரு ஞாயித்துக்கிழமை விடியக்காலையில நான், மதுரைக்காரன், மலைக்காரன் மூணு பேரும் பஸ் ஏறினோம். கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி டேம் வந்ததும் காத்தே மாறுது. அப்புறம் வளைவு, வளைவு, வளைவு. மதுரைக்காரன் கச்சிராயபாளையத்துல இட்லி, வடைன்னு ஒரு கட்டு கட்டிட்டு வந்து ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பல. நான் வழக்கம்போல வெறும் டீ.

மலையில இருக்கறவங்களை 'மலையாளி'ன்னு சொல்வாங்க. கேரளான்னு நினைச்சுடாதீங்க. மலையை ஆளுறவங்கன்னு அர்த்தம் சொல்றாங்க. பேசுறது தமிழ். அவங்க முன்னோர் காஞ்சிபுரத்துல இருந்து வந்தவங்கன்னு ஒரு கதை வழிவழியா இருக்கு. எட்கர் தர்ஸ்டன் 1909-ல வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றின புத்தகத்துலயும் அது பதிவாகியிருக்கு. சாமை, மரவள்ளி, புளி, தேன், கடுக்காய்... இதுதான் பொழப்பு. கடுக்காயைப் பொறுக்கி லேம்ப் சொசைட்டிக்கும் வியாபாரிக்கும் விப்பாங்க. மருந்துக்கு மட்டும் இல்ல, தோல் பதனிடவும் கடுக்காய் வேணும். அதுல இருக்கிற டானின்தான் காரணம். நாக்குல வெச்சதும் சுருக்குனு துவர்க்குதே, அதே சரக்குதான் மாட்டுத்தோலையும் இறுக்குது. (கெமிஸ்ட்ரி லேப்ல இப்படிச் சொல்லிக்கொடுத்திருந்தா நான் அரியர் வெச்சிருக்க மாட்டேன்!)

இந்த மலையில வைத்தியம்ங்கிறது ஃபேஷன் இல்ல. நமக்கு ஹெர்பல் ஷாம்புங்கிறது ஒரு சாய்ஸ். இங்கே ராத்திரி ஒரு குழந்தைக்குக் காய்ச்சல்னா முதல் கேள்வியே 'வண்டி இருக்கா'தான். 2024-ல சென்னை உயர் நீதிமன்றமே கல்வராயன் மலை மக்களோட நிலைமையைத் தானா முன்வந்து வழக்கா எடுத்துக்கிச்சு. அடிப்படை வசதிகள் என்ன நிலைமையில இருக்குன்னு அரசைக் கேட்டது. பக்கத்துல ஆஸ்பத்திரி இல்லாத இடத்துல, வேலிப் பக்கம் இருக்கிற செடியைப் பத்தித் தெரிஞ்ச ஒரு கிழவிக்கு மரியாதை ஜாஸ்தியா இருக்கிறதுல ஆச்சரியம் என்ன?

ஆயா-வேதம்!

ஆயுர்வேதம் கேள்விப்பட்டிருப்பீங்க. இது ஆயா-வேதம் (ஓகே, அடிக்காதீங்க). எழுபது வயசுக்கு மேல இருக்கும். திண்ணையில ஒரு முறம் நிறைய கடுக்காய். கல்லால தட்டித் தட்டி கொட்டையை எடுத்துப் போட்டுக்கிட்டே பேசுது. கடுக்காய்க்குக் கொட்டை ஆகாது, சுக்குக்குத் தோல் ஆகாதுங்கிறது நம்ம ஊர்ல எல்லா வீட்டுலயும் தெரிஞ்ச சேதி.

மதுரைக்காரன் வெட்கத்தோட மேட்டரைச் சொன்னான். மருந்து உடனே வரும்னு பார்த்தா, கேள்விதான் வந்தது. எத்தினி நாளா? தண்ணி எவ்ளோ குடிப்ப? ராவுல தூக்கம் புடிக்குதா? கொட்டாவி வருதா? கை குளிருதா? நாக்க நீட்டு. உங்கப்பாவுக்கும் இப்படித்தானா? காலையில என்னா துன்ன? காரம் ஜாஸ்தி துன்னுவியா? பக்கத்துல உட்கார்ந்து நான் எண்ணிக்கிட்டு இருந்தேன். இருபது கேள்வி! எங்க எக்ஸ்டர்னல் எக்ஸாமினர்கூட வைவால இவ்வளவு கேட்டதில்ல. கடைசியில கொஞ்சம் கடுக்காய்த் தோலை மடிச்சுக் கொடுத்து, 'இடிச்சுத் தூளாக்கி ராவுல சோறு துன்னப்பறம் வெந்நீர்ல போட்டுக் குடி. மூணு நாளு. அதுக்கு மேல வேணாம். தண்ணி குடிக்காம இதைக் குடிச்சா ஒண்ணும் ஆவாது'ன்னு சொல்லிச்சு.

நானும் கையை நீட்டினேன். காலையில இஞ்சி, மத்தியானம் சுக்கு, ராத்திரி கடுக்காய் சாப்பிட்டா கிழவனும் குமரனாவான்னு ஃபேமிலி குரூப்ல பெரியப்பா வாராவாரம் அனுப்புறார். ஏழு வெள்ளை முடிக்காரனுக்கு ஆசை இருக்காதா?

ஆயா என்னை ஒரு பார்வை பார்த்துச்சு. 'சாப்டியா கண்ணு?'

'டீ குடிச்சேன் ஆயா.'

'தெனமும் இப்படித்தானா?'

மலைக்காரன் போட்டுக்கொடுத்தான். 'காலையில சாப்புடவே மாட்டான் ஆயா. வாயெல்லாம் புண்ணு.'

'ஒனக்குக் கிடையாது. பட்டினி வயித்துக்குக் கடுக்கா ஆவாது. சூட்டு ஒடம்பு வேற. மொதல்ல மூணு வேளை சோறு துன்னு.'

அவ்வளவுதான். எனக்கு மருந்து இல்ல, சாமைச் சோறும் கீரைக் குழம்பும்தான் கிடைச்சது. ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டுட்டு அப்பா விஷயத்தைச் சொன்னேன். சுகருக்கு ஏதாவது இருக்கா ஆயான்னு கேட்டேன். தட்டுற கல்லை நிறுத்திட்டுச் சொல்லிச்சு. 'அது எனக்குத் தெரியாது கண்ணு. நான் பார்த்து வளந்த வியாதி இல்ல அது. டாக்டரு என்னா சொல்றாரோ அதக் கேளு.'

சந்தைக்காரருக்குப் பத்து செகண்ட்ல எல்லாம் தெரிஞ்சது. இருபது கேள்வி கேட்ட ஆயாவுக்கு 'தெரியாது'ன்னு சொல்லத் தெரிஞ்சது. கீழே இறங்குற பஸ்ல இதையே யோசிச்சுக்கிட்டு வந்தேன். (வாந்தி வராம இருக்கவும்தான்.)

புத்தகம் என்ன சொல்லுது?

ஹாஸ்டல் வந்ததும் எனக்கு ஒரே குடைச்சல். ஆயா சொன்னது மலையோட நம்பிக்கையா, இல்ல ஏட்டுலயும் இருக்கா? தேடினேன். பதினாறாம் நூற்றாண்டுல பாவமிஸ்ரர் எழுதின 'பாவப்பிரகாசம்'னு ஒரு ஆயுர்வேத நூல். அதுல கடுக்காய்க்குன்னு ஒரு பெரிய பகுதி. யாருக்கெல்லாம் கடுக்காய் கொடுக்கக் கூடாதுன்னும் சொல்லியிருக்கு. நடந்து, பயணம் பண்ணிக் களைச்சவங்க, பலம் இல்லாதவங்க, மெலிஞ்சவங்க, பட்டினி கிடந்தவங்க, பித்தம் ஜாஸ்தி உள்ளவங்க, கர்ப்பிணிகள்... படிக்கப் படிக்க எனக்கு முடி நட்டுக்கிச்சு. பயணம், பட்டினி, பித்தம்னு மூணு பாயின்ட்ல நான் அவுட்! ஆயா அந்தப் புத்தகத்தைப் பார்த்தே இருக்காது.

இன்னொண்ணும் அதுல இருக்கு. அதே கடுக்காயைக் கபக்காரருக்கு உப்போட, பித்தக்காரருக்குச் சர்க்கரையோட, வாதக்காரருக்கு நெய்யோட கொடுக்கணுமாம். மருந்து ஒண்ணு, ஆள் மூணு, வழி மூணு. ஃபார்வர்டு மெசேஜ்ல இந்த வரி மட்டும் எப்பவும் காணாமப்போயிடும், கவனிச்சிருக்கீங்களா?

சரக சம்ஹிதைன்னு அதுக்கும் ரொம்பப் பழைய நூல். ஒரு நோயாளியைப் பத்து விதமா சோதிக்கச் சொல்லுது. பிறவி உடல்வாகு, இப்போ இருக்கிற கோளாறு, உடம்புக்கட்டு, மனசோட தெம்பு, பழகின சாப்பாடு, செரிக்கிற சக்தி, வேலை செய்யற சக்தி, வயசுன்னு லிஸ்ட் நீளுது. சித்த மருத்துவத்துல எட்டு. நாடி, தொடு உணர்வு, நாக்கு, நிறம், குரல், கண், மலம், சிறுநீர். சிறுநீர்ல ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, அது பாம்பு மாதிரி நீண்டா வாதம், மோதிரம் மாதிரி வளைஞ்சா பித்தம், முத்து மாதிரி நின்னா கபம்னு ஒரு டெஸ்ட்கூட இருக்கு. நாடி அந்த எட்டுல ஒண்ணே ஒண்ணுதான். சந்தையில மிச்சம் ஏழும் எங்கே போச்சு? இவ்வளவு ஏன், நாம ஸ்கூல்ல மார்க்குக்காக மனப்பாடம் பண்ணின திருக்குறள்ல 95-வது அதிகாரம் 'மருந்து'. நோயாளியோட அளவு, நோயோட அளவு, காலம் மூணையும் பார்த்து வைத்தியம் பண்ணச் சொல்லுது 949-வது குறள்.

'அப்போ டெங்கு சமயத்துல எல்லாருக்கும் ஒரே நிலவேம்புக் குடிநீர் கொடுத்தாங்களே?'ன்னு கேப்பீங்க. சூப்பர் கேள்வி. 2012 டெங்கு சீசன்ல தமிழ்நாடு அரசு ஒன்பது சரக்கு சேர்ந்த நிலவேம்புக் குடிநீரை ஊர் ஊராக் கொடுத்தது. 2020 கொரோனாவுல பதினைஞ்சு சரக்கு கபசுரக் குடிநீர். வரிசையில நின்ன யாரையும் யாரும் இருபது கேள்வி கேட்கல. ஆச்சரியம் என்னன்னா, சரக சம்ஹிதையில ஒரு சிஷ்யன் குருகிட்ட கிட்டத்தட்ட இந்தச் சந்தேகத்தையே கேக்கிறான். ஆளாளுக்கு உடம்பு வேற, சாப்பாடு வேற, வயசு வேற... அப்புறம் எப்படி ஒரே நோய் ஒரே நேரத்துல ஊரையே அழிக்குது? குரு பதில்: காத்து, தண்ணி, நிலம், காலம் இந்த நாலும் எல்லாருக்கும் பொது. அது கெட்டா எல்லாரும் சேர்ந்து கெடுவாங்க. எங்க ஹாஸ்டல்ல ஒரு நாள் மொத்த ப்ளாக்கும் பக்கெட்டோட க்யூல நின்னப்போ இந்த தியரி எனக்கு பிராக்டிகலாவே புரிஞ்சது. கழுவாத வாட்டர் டேங்குக்கு வாதம், பித்தம் எல்லாம் தெரியாது!

லேபுக்குப் போன பிரகிருதி!

இன்ஜினீயரிங் மூளை சும்மா இருக்குமா? இந்த மூணு வகைக்கு டி.என்.ஏ.-ல ஏதாவது அடையாளம் இருக்கான்னு யாராவது பார்த்திருக்காங்களான்னு தேடினேன். பார்த்திருக்காங்க! டெல்லியில இருக்கிற ஐ.ஜி.ஐ.பி. ஆய்வகம் 2008-லயே இதுல இறங்கிடுச்சு. 'ஆயுர்ஜீனோமிக்ஸ்'னு பேரே வெச்சுட்டாங்க. 2015-ல ஹைதராபாத் சி.சி.எம்.பி. விஞ்ஞானிகள் பங்கெடுத்த ஓர் ஆய்வு வந்தது. 3,416 ஆரோக்கியமான ஆண்களை ஆயுர்வேத டாக்டர்கள் பார்த்து வகை பிரிச்சாங்க. அப்புறம் புனேயில இருக்கிற சி-டாக் உருவாக்கின 'ஆயுசாஃப்ட்'ங்கிற சாஃப்ட்வேரும் அதே ரிசல்ட்டைச் சொல்லுதான்னு சரிபார்த்தாங்க. ரெண்டும் ஒத்துப்போனது 971 பேருக்கு. அதுல 262 பேரோட டி.என்.ஏ.-வை அலசினாங்க. 52 இடங்கள்ல வகைக்கு வகை வித்தியாசம் தெரிஞ்சது. அதுல பி.ஜி.எம்.1-ங்கிற ஜீன் பித்த வகையோட சேர்ந்து வந்தது. உடம்பு குளுக்கோஸை எப்படிக் கையாளுதுங்கிறதோட சம்பந்தப்பட்ட ஜீன் அது. எனக்கு ஏன் பசி தாங்கலன்னு ஒரு செகண்ட் துள்ளிக் குதிச்சேன்.

குதிச்சது போதும்னு எனக்கு நானே பிரேக் போட்டேன். 3,416-ல ரெண்டு வழியும் ஒத்துப்போனது 971 பேருக்குத்தான்கிறதையும் சேர்த்துப் படிங்க. அதுலயும் பொண்ணுங்களே இல்ல. வகை பிரிக்கிறதுல ஏதோ விஷயம் இருக்கலாம்னு அது காட்டுது. அந்த வகைக்குக் கொடுக்கிற மருந்து வேலை செய்யுதாங்கிறது வேற கேள்வி, அதுக்கு வேற பரீட்சை. இன்னொரு இடறலும் இருக்கு. ஒரே வைத்தியர் ஒரே ஆளோட நாடியை ரெண்டு தடவை பார்த்தாக்கூட ஒரே பதில் வரும்னு உத்தரவாதம் இல்லைன்னு அதுக்கான ஆய்வுகள் சொல்லுது. சித்தமும் ஆயுர்வேதமுமே ஒரு இடத்துல முட்டிக்குது. சித்தக் கணக்குப்படி வாழ்க்கையோட முதல் பாகம் வாதம், கடைசி பாகம் கபம். ஆயுர்வேதத்துல அப்படியே உல்டா! சின்ன வயசு கபம், வயசானா வாதம். ஒரே மூணு வேரியபிள், ரெண்டு கிராஃப். எது சரின்னு எங்க மேத்ஸ் சார்கிட்ட கேட்டேன். ரெகார்டு நோட்டை முடிச்சியான்னு திருப்பிக் கேட்டார்.

ஆளுக்கு ஆள் பார்க்கிறது நம்ம ஊர் மருத்துவத்துக்கு மட்டும் சொந்தமும் இல்ல. காலேஜ்ல ரத்த தானம் பண்ணியிருப்பீங்க. 1901-ல லாண்ட்ஸ்டைனர் ரத்த வகைகளைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் 'ரத்தம்னா ரத்தம்தானே'ன்னு ஏத்தி எத்தனையோ பேர் செத்திருக்காங்க. வலிப்புக்குக் கொடுக்கிற கார்பமசெப்பின் மாத்திரை, ஒரு குறிப்பிட்ட மரபணு உள்ளவங்களுக்குத் தோலையே உரிக்கிற அளவுக்கு ஆபத்தாகலாம். ஆசிய வம்சாவளிக்காரங்களுக்கு அந்த டெஸ்ட் பண்ணிட்டுக் கொடுங்கன்னு 2007-ல அமெரிக்க மருந்துத் துறையே எச்சரிச்சது.

மூலிகையும் அப்படித்தான். கொரோனா சமயத்துல இம்யூனிட்டின்னு சொல்லி ஊரே சீந்தில் கொடி குடிச்சது. 2022-ல வந்த ஓர் ஆய்வுல, இந்தியா முழுக்க 13 மருத்துவமனைகள்ல சீந்தில் எடுத்த பிறகு கல்லீரல் பாதிச்ச 43 பேரைப் பதிவு பண்ணியிருக்காங்க. பல பேருக்கு ஏற்கெனவே கல்லீரல் கோளாறோ, உடம்பே உடம்பைத் தாக்குற வகை நோயோ உள்ளே இருந்திருக்கு. இந்த மாதிரி தகவல் முதல்ல வந்தப்போ ஆயுஷ் அமைச்சகம் ஒத்துக்கல. வேற கொடியை சீந்தில்னு நினைச்சுக் குடிச்சிருக்கலாம்னு சொன்னது. எதுவா இருந்தாலும், 'இயற்கை, ஒண்ணும் பண்ணாது'ங்கிற டயலாக் அங்கேயே காலி. 2004-ல பாஸ்டன் கடைகள்ல வாங்கின 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதிச்சதுல 14-ல ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்திருக்கு. சந்தைப் பொட்டலத்துல என்ன இருந்ததுன்னு எனக்கு இன்னும் தெரியாது.

சித்தமோ ஆயுர்வேதமோ பார்க்கணும்னு தோணினா, தயவுசெஞ்சு ரீல்ஸ்ல வர்ற 'பத்துக் கேள்வியில உன் தோஷம்' க்விஸ்ஸை நம்பி பாட்டில் வாங்காதீங்க. நான் அதுல மூணு தடவை விளையாடினேன். மூணு பதில் வந்தது, மூணுக்கும் கடைசியில அதே பாட்டில்! நம்ம ஊர்ல அரசு ஆஸ்பத்திரிகள்லயே சித்தா பிரிவு இருக்கு, அஞ்சரை வருஷம் படிச்சுட்டு வந்த டாக்டர் இருப்பார். பாளையங்கோட்டையில 1964-ல இருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி நடக்குது. நாகர்கோவில் கோட்டாறுல அரசு ஆயுர்வேதக் கல்லூரி இருக்கு. தாம்பரத்துல தேசிய சித்த மருத்துவ நிறுவனம். போகும்போது இப்போ சாப்பிடுற மாத்திரை லிஸ்ட்டையும் கையில கொண்டுபோங்க. அதைக் கேட்காமலே பொடி மடிக்க ஆரம்பிச்சா, எழுந்து வந்துடுங்க.

அப்பா இப்போ மாத்திரையை விடறதில்ல. ஞாயித்துக்கிழமை நான் வீட்டுக்குப் போனா விரலை நீட்டுவார், நான் சுகர் டெஸ்ட் பண்ணுவேன். போன வாரம் வெறும் வயித்துல 132. அம்மாகிட்ட மலைக்குப் போன கதையை முழுசா சொன்னேன். 'தெரியாதுன்னு சொல்லிச்சா அந்த அம்மா?'ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. மறுநாள் ஃப்ரிட்ஜ் மேல இருந்த சந்தைப் பொட்டலத்தைக் காணோம்.

மதுரைக்காரனுக்கு ரெண்டாவது நாளே ஸ்ட்ரைக் வாபஸ்! கடுக்காயா, ஆயா சொன்ன தண்ணியான்னு எனக்கு டவுட். அவன் ஒத்துக்கல. விஷயம் ப்ளாக் முழுக்கப் பரவி, நேத்து ராத்திரி பக்கத்து ரூம்காரன் கையை நீட்டிக்கிட்டு வந்து நின்னான். மதுரைக்காரன் பொட்டலத்தை எடுத்தான், பிரிக்கப் போனான், நிறுத்தினான்.

'டேய்... சாப்டியாடா?'